தன் பெயர் சொல்லும் தகடு

நுழையும்முன்

பேசும் நிலையில் உள்ளவரை நம்மை நாமே பிறருக்கு அறிமுகப்படுத்திக்கொள்கிறோம். விபத்திலோ நோயிலோ நினைவு தப்பிக் கிடக்கும் பொழுதில், முன்பின் அறியாத ஒருவர் நம்மைக் காக்க முனையும்போது, நாம் யார் என்பதை அவருக்கு எடுத்துரைப்பது எது? உடலில் அணியும் சிறிய அடையாளத் தகட்டைப் பற்றியது இக்கட்டுரை.

சேலைக்குப் பெயர் உண்டு

கமண்டல நாகநதிக் கரையில் அமைந்த ஆரணிக்கு இரண்டு பெருமைகள். ஒன்று அரிசி, மற்றொன்று பட்டு. விடியற்காலையில் நெசவாளர் தெருக்களின் வழியே நடந்தால், தெருவின் நீளத்திற்கும் பாவு நீட்டி, இழை இழையாகச் சரிபார்த்துக்கொண்டிருக்கும் குடும்பங்களைக் காணலாம். வெயில் ஏறுவதற்குள் அப்பாவு சுருட்டப்பட்டு வீட்டிற்குள் போய்விடும். பின்னர்க் குழித்தறிகளின் ஓசை எழும்.

அங்குப் பட்டுச்சேலை வாங்க வருபவர், சேலையின் உடலையும் கரையையும் முந்தானையையும் பார்ப்பதோடு நின்றுவிடுவதில்லை. அதில் கோக்கப்பட்டுள்ள அட்டைகளையும் புரட்டிப் பார்க்கிறார். தூய பட்டே என உறுதி கூறும் 'சில்க் மார்க்' அட்டை ஒன்று. மத்தியப் பட்டு வாரியத்தின் முயற்சியால் 2004ஆம் ஆண்டில் அறிமுகமான அதில் ஹாலோகிராம் முத்திரையும் தனி எண்ணும் இருக்கும். கையால் நெய்யப்பட்டது எனக் கூறும் கைத்தறி முத்திரை 2006ஆம் ஆண்டில் வந்தது. ஆரணிப் பட்டு புவிசார் குறியீடும் பெற்றுள்ளது. கோ-ஆப்டெக்ஸ் நிறுவனமோ ஒரு படி மேலே சென்று, சேலையை நெய்தவரின் பெயரையும் நிழற்படத்தையும் தாங்கிய அட்டையை இணைத்து விற்றது. முகம் அறியாத ஒருவரின் வீட்டு அலமாரியில் நெசவாளரின் பெயர் இடம்பெற்றது பாராட்டத்தக்க செயலே.

இவ்வளவு அடையாளங்களையும் தாங்கிய சேலை வழியில் தொலைந்துவிட்டால், கண்டெடுத்தவர் அது எவ்வூர்ச் சேலை, எவ்வகைப் பட்டு, எந்த எண்ணுக்குரியது எனக் கூறிவிட இயலும். அதனை நெய்தவர் வழியில் விழுந்துவிட்டால்?

ஒரு காலைப்பொழுது

இவ்வினா எனக்குத் தோன்றியதற்குக் காரணமான நிகழ்ச்சி ஒன்று உண்டு. சில ஆண்டுகளுக்கு முன், ஆரணிப் பேருந்து நிலையத்திற்கு அருகில், பள்ளிக்குச் செல்வதற்காகக் காத்திருந்தேன். ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒருவர் மிதிவண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தார். நடை தள்ளாடியது. கடை ஒன்றின் படியில் அமர்ந்தார். அமர்ந்தார் என்பதைவிடச் சரிந்தார் என்பதே பொருந்தும். சட்டை வியர்வையில் நனைந்திருந்தது. என்ன என்று கேட்டவருக்கு அவர் கூறிய விடை குழறலாக வெளிப்பட்டது. அவ்வளவுதான், சுற்றி நின்றோர் முடிவு கட்டிவிட்டனர். "காலையிலேயே குடித்துவிட்டார்" என்று ஒருவர் கூறினார், ஓரிருவர் சிரித்தனர், மற்றவர்கள் நகர்ந்தனர். நானும் அவ்வாறே எண்ணினேன் என்பதை மறைக்க விரும்பவில்லை.

அவருடைய பையில் துணியில் சுற்றிய சேலை ஒன்று இருந்தது. நெய்து முடித்த சேலையை உரியவரிடம் ஒப்படைக்கச் சென்றுகொண்டிருந்தார் போலும். அதனுடன் ஒரு துண்டுச்சீட்டு. அதில் பாவின் எண்ணும், கொடுத்த பட்டு, சரிகையின் எடையும் குறிக்கப்பட்டிருந்தன. சேலையைப் பற்றிய செய்தி முழுமையாக இருந்தது. அவரைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை.

அந்நேரத்தில் என் மாணவன் ஒருவன் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தான். "ஐயா, இவர் எங்கள் தெரு மாமா. குடிப்பழக்கமே இல்லாதவர். சர்க்கரை நோய்க்கு ஊசி போட்டுக்கொள்கிறார். சாப்பிடாமல் புறப்பட்டிருப்பார்" என்றான். தேநீர்க் கடையிலிருந்து சர்க்கரை மிகுதியாகக் கலந்த பாலை வாங்கிவந்து மெல்லப் பருகச் செய்தான். கால்மணி நேரத்தில் அவர் கண்களில் தெளிவு வந்தது. எழுந்தவர் முதலில் தேடியது அந்தச் சேலையைத்தான்.

இன்சுலின் ஊசி போட்டுக்கொண்டவர் உரிய நேரத்தில் உண்ணாவிட்டால் குருதியில் சர்க்கரையின் அளவு வெகுவாகக் குறைந்துவிடும். அப்போது தோன்றும் வியர்வை, நடுக்கம், தள்ளாட்டம், பேச்சுக்குழறல் ஆகியவை குடிமயக்கத்தின் குறிகளை ஒத்திருக்கும். உதவி கிட்டாவிட்டால் வலிப்பும் மயக்கமும் ஏற்பட்டு உயிருக்கே தீங்கு நேரலாம். (விழுங்கும் நிலையில் உள்ளவருக்கே இனிப்பு நீர் தரவேண்டும்; நினைவிழந்தவர் வாயில் எதனையும் ஊற்றலாகாது; 108ஐ அழைக்க வேண்டும்.) அன்று அவர் பிழைத்தது, அவர் தெருப் பையன் அவ்வழியே வந்த தற்செயலால்.

பெயரைப் பொறித்தல்

பெயரைப் பொருளின்மீது பொறிப்பது தமிழர்க்குப் புதிதன்று. கீழடியில் கிடைத்த பானை ஓடுகளில் ஆதன், குவிரன் போன்ற பெயர்கள் தமிழி எழுத்தில் கீறப்பட்டுள்ளன. கரூரில் அமராவதி ஆற்றுப்படுகையில் பெயர் பொறித்த மோதிரங்கள் கிடைத்துள்ளன. ஆரணி அமைந்துள்ள திருவண்ணாமலை மாவட்டத்திலேயே, செங்கம் பகுதியில், போரில் வீழ்ந்த வீரர்களுக்கு எடுக்கப்பட்ட நடுகற்கள் பல உள்ளன. வீரனின் பெயரும் அவன் வீழ்ந்த சூழலும் அக்கற்களில் எழுதப்பட்டன. குழந்தைகளுக்குத் திருமாலின் ஐந்து படைக்கலங்களின் வடிவமைந்த ஐம்படைத்தாலியைக் காப்பாக அணிவித்தனர். தாயத்தும் அரைஞாணும் இன்றும் நம்மிடையே உள்ளன. கையில் பெயரைப் பச்சை குத்திக்கொண்ட பாட்டிமார்களை உங்களுள் சிலர் பார்த்திருப்பீர்கள்.

இவற்றுள் ஒரு வேறுபாட்டைக் கவனியுங்கள். பானையில் உள்ள பெயர் உடைமையைக் குறிக்கிறது. நடுகல்லில் உள்ள பெயர் இறந்த பிறகு எழுதப்பட்டது. ஐம்படைத்தாலி காக்கும் என்பது நம்பிக்கை; அதில் குழந்தையின் பெயர் இல்லை. உயிரோடு இருப்பவர், தம் உயிரைக் காக்கும்பொருட்டு, பிறர் படிப்பதற்காகத் தம் உடலிலேயே செய்தியை அணிந்துகொள்வது பிற்காலத்தில் தோன்றிய வழக்கம்.

போர்க்களத்திலிருந்து மருத்துவமனைக்கு

அவ்வழக்கமும் இறப்பிலிருந்தே தொடங்கியது. அமெரிக்க உள்நாட்டுப் போரின்போது, 1864இல் கோல்டு ஹார்பர் என்னுமிடத்தில் தாக்குதலுக்குச் செல்லுமுன் வீரர்கள் பலர் தம் பெயரைத் தாளில் எழுதி மேற்சட்டையின் முதுகில் குத்திக்கொண்டனர். தம் உடல் பெயரின்றிப் புதைக்கப்படலாகாது என்பதே அவர்களுடைய விருப்பம். முதல் உலகப்போரில், 1916 முதல், பிரித்தானியப் படைவீரர் ஒவ்வொருவரும் இரண்டு வில்லைகளை அணிந்தனர். சிவப்பு வட்டவில்லை இறப்பைப் பதிவு செய்வதற்காகக் கழற்றப்படும். பச்சை எண்கோண வில்லை உடலோடு இருக்கும்.

இறந்தவரை அறியப் பயன்பட்ட தகட்டை உயிரைக் காப்பதற்குரியதாக மாற்றியது ஒரு தந்தையின் கவலை. கலிபோர்னியாவில் மருத்துவர் மரியன் காலின்சு என்பவரின் மகள் லிண்டாவிற்கு 1953இல் விரலில் காயம் ஏற்பட்டது. இரணசன்னி நோய்க்கு எதிரான மருந்து அவளுக்கு ஒவ்வாமல் உயிருக்கே ஆபத்தாயிற்று. பிழைத்துக்கொண்டாள், எனினும், அடுத்தமுறை அவள் எங்கேனும் மயங்கி விழுந்து, செய்தி அறியாத மருத்துவர் அதே மருந்தைச் செலுத்திவிட்டால் என்ன செய்வது? அவளுக்கு எவை ஒவ்வா என்பதைப் பொறித்த வெள்ளிக் கைச்சங்கிலி ஒன்றைச் செய்வித்தனர். அதிலிருந்து 1956இல் 'மெடிக் அலர்ட்' என்னும் அமைப்பு உருவாகி, நாடு பலவற்றிற்கும் அவ்வழக்கம் பரவியது.

கைப்பேசி பரவிய பின்னர், இங்கிலாந்தின் மருத்துவ ஊர்தி ஊழியர் பாப் பிராட்சி 2005இல் எளிய வழி ஒன்றைக் கூறினார். நெருக்கடியில் அழைக்கவேண்டியவரின் எண்ணை 'ஐஸ்' என்ற பெயரில் சேமித்து வையுங்கள் என்பதே அது. அவ்வாண்டு சூலைத் திங்களில் இலண்டனில் நிகழ்ந்த குண்டுவெடிப்புகளுக்குப் பின் அவ்வழி வேகமாகப் பரவியது. இன்று திறன்பேசிகளில், பூட்டைத் திறக்காமலேயே பிறர் காணும்படி நெருக்கடிக்காலச் செய்திகளைப் பதிவுசெய்யும் வசதி உள்ளது. உங்கள் வீட்டுக் கைப்பேசிகளில் எத்தனையில் அது நிரப்பப்பட்டுள்ளது என்று இன்று மாலையே பாருங்கள். எனினும், விபத்தில் முதலில் தெறித்து விழுவதும் உடைவதும் கைப்பேசியே.

பட்டியலில் இல்லாதோர்

2004 திசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை தமிழ்நாட்டில் ஏறத்தாழ 8,000 உயிர்களைக் கொண்டது. அவற்றுள் 6,000க்கும் மேற்பட்டவை நாகப்பட்டினம் மாவட்டத்தில். வேளாங்கண்ணிக்கு வந்திருந்த வெளியூர்ப் பயணிகளும் அதில் சிக்கினர். அடையாளம் காணப்படாமலேயே பலர் ஒரே குழியில் அடக்கம் செய்யப்பட்டனர். தம் உறவினர் எங்கு அடக்கமானார் என்பதை அறியாத குடும்பங்களுக்குத் துயரம் முடிவதில்லை; அவர் திரும்பி வருவார் என்னும் எதிர்பார்ப்பே ஒரு நோயாகிவிடுகிறது.

2023 சூன் 2 அன்று, சென்னை நோக்கி வந்துகொண்டிருந்த கோரமண்டல் விரைவு வண்டி ஒடிசாவின் பாலேசுவர் மாவட்டத்தில் விபத்துக்குள்ளானதில் 290க்கும் மேற்பட்டோர் இறந்தனர். முன்பதிவு செய்தோரின் பெயர்கள் பட்டியலில் இருந்தன. முன்பதிவில்லாப் பெட்டிகளில் நின்றும் நெருங்கியும் வந்தோருக்கு எப்பட்டியலும் இல்லை. வேலை தேடி நம் மாநிலத்திற்கு வரும் தொழிலாளர்கள் பெரும்பாலும் பயணம் செய்வது அப்பெட்டிகளில்தான். உடல்களை அடையாளம் காண மரபணு ஆய்வு வரை செய்தும், 28 உடல்களுக்கு உரியவர் யாரும் கிடைக்கவில்லை. நான்கு திங்கள் கழித்து அவை புவனேசுவரத்தில் எரியூட்டப்பட்டன.

இவ்விரண்டு நிகழ்ச்சிகளிலும் எனக்குப் புலப்படுவது ஒன்றே. வசதியுள்ளவரின் பெயர் பல இடங்களில் தானாகவே பதிவாகிவிடுகிறது. உழைத்து வாழ்பவரின் பெயர் பெரும்பாலும் அவருடைய வாயில் மட்டுமே இருக்கிறது. எனவே இத்தகடு, அதனை வாங்கும் பழக்கமுடைய மலையேறுவோருக்கும் நெடுந்தொலைவு ஓடுவோருக்கும் தேவைப்படுவதைவிடக் கட்டுமானத் தொழிலாளிக்கும், நெசவாளிக்கும், மீனவருக்கும் மிகுதியாகத் தேவைப்படுகிறது.

எதை எழுதுவது, எங்கே அணிவது

தகட்டில் இடம் சிறிது. எனவே முதலுதவி செய்பவர் முதலில் அறியவேண்டியதே அதில் இருத்தல் வேண்டும். பெயர், ஊர், உடனே அழைக்கத்தக்க இருவரின் தொலைபேசி எண்கள், நோய் இருப்பின் நோயின் பெயர், ஒவ்வாத மருந்து ஆகியவை போதும். பென்சிலின் ஒவ்வாதவர், வலிப்பு நோயர், குருதி உறையாமைக்கு மருந்து உட்கொள்ளும் இதயநோயர், இன்சுலின் செலுத்திக்கொள்பவர் ஆகியோருக்கு ஒரு சொல்லே உயிர்காக்கும். ஆதார் எண்ணும் வங்கிக் கணக்கெண்ணும் வேண்டா. அவை காப்பவரைவிடக் கவர்பவருக்கே பயன்படும். சிறுகுழந்தையின் பெயரை வெளிப்புறத்தில் எழுதுவதும் கூடாது. பெயர் சொல்லி அழைப்பவரைத் தெரிந்தவர் என நம்பிக் குழந்தை உடன் சென்றுவிடும். குழந்தைக்குப் பெற்றோரின் எண்ணே முதன்மையானது. கார்த்திகைத் தீபத் திருவிழாவின்போது திருவண்ணாமலையில் காவல்துறையினர் குழந்தைகளின் மணிக்கட்டில் பெற்றோரின் தொலைபேசி எண் எழுதிய பட்டைகளைக் கட்டுகின்றனர். பதினான்கு கிலோமீட்டர் மலைச்சுற்றுப் பாதையில் இலட்சக்கணக்கானோர் நடக்கும்போது, அழுகின்ற குழந்தையிடம் வினாக் கேட்டுக்கொண்டிராமல் அவ்வெண்ணை அழைத்துவிடலாம்.

குருதிவகையை எழுதுவது குறித்து ஒரு சொல். பலர் அதனையே முதன்மையானதாகக் கருதுகின்றனர். ஆனால், எழுதியிருப்பதை மட்டும் நம்பி எந்த மருத்துவரும் குருதி செலுத்துவதில்லை. பரிசோதித்த பின்னரே செலுத்துவர். அரிய வகையினருக்கு மட்டும் அக்குறிப்பு நேரத்தை மிச்சப்படுத்தும்.

தெரிந்து தெளிவோம்: 1952இல் மும்பையில் கண்டறியப்பட்டமையால் 'பம்பாய் வகை' எனப் பெயர்பெற்ற குருதிவகை உண்டு. வழக்கமான பரிசோதனையில் இது 'ஓ' வகை போலத் தோன்றும். ஆயினும் இவ்வகையினர் 'ஓ' வகைக் குருதியையும் ஏற்க இயலாது. தம் வகையினரிடமிருந்து மட்டுமே பெறவேண்டும்.

கியூ.ஆர். குறியீடு பொறித்த பதக்கங்களும் இப்போது வந்துள்ளன. 2023 செப்டம்பரில் மும்பையில் வழிதவறிச் சென்ற, அறிவுசார் குறைபாடுடைய சிறுவன் ஒருவன், கழுத்திலிருந்த அத்தகைய பதக்கத்தின் உதவியால் சில மணி நேரத்தில் பெற்றோரிடம் சேர்ந்தான். குறியீட்டைப் படிக்கக் கைப்பேசியும் இணையமும் வேண்டும் என்பதால், கண்ணால் படிக்கத்தக்க ஓர் எண்ணும் உடன் இருப்பது நன்று.

எங்கே அணிவது என்பதற்கு எல்லார்க்கும் ஒரே விடை இல்லை. தொழிலே அதனை முடிவு செய்யும். தறியில் அமர்ந்திருப்பவர் அறுந்த இழையைப் பிணைக்கக் குனியும்போது, கழுத்துச் சங்கிலி பாவின்மீது படும். மணிக்கட்டில் உள்ள தகட்டின் ஓரம் பட்டிழையில் சிக்கினால் பல நாள் உழைப்பு பாழாகும். விசைத்தறியிலோ சங்கிலி சிக்கினால் அணிந்தவருக்கே ஆபத்து. அரைஞாணில் கோத்தால் இழைக்கு இடையூறில்லை. ஆனால் பிறர் கண்ணில் படாது. இதை வகுப்பில் கூறியபோது நெசவாளர் வீட்டு மாணவி ஒருத்தி, "தாயத்துக் கட்டும் இடத்தில் கட்டலாமே, ஐயா" என்றாள். மேற்கை! மருத்துவமனையில் குருதியழுத்தம் பார்க்கும் பட்டையைச் சுற்றும் இடமும் அதுவே. நூல்கள் பலவற்றைப் படித்தும் எனக்குத் தோன்றாத விடை அது.

விழுந்தவருக்கு உதவினால் வழக்கில் சிக்க நேரும் என்னும் அச்சம் இன்று தேவையற்றது. 2019இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 134ஏ பிரிவு, நல்லெண்ணத்துடன் உதவுபவரைப் பாதுகாக்கிறது. தமிழ்நாட்டில் 2021 திசம்பரில் தொடங்கப்பட்ட 'இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48' திட்டத்தின்படி, விபத்தில் சிக்கியவர் எம்மாநிலத்தவராயினும் முதல் 48 மணி நேரச் சிகிச்சை கட்டணமின்றி அளிக்கப்படுகிறது. பெயர் தெரியாவிட்டாலும் சிகிச்சை தொடங்கும். ஆனால் எந்த மருந்து ஒவ்வாது என்பதையும், வீட்டில் காத்திருப்பவர் யார் என்பதையும் எச்சட்டமும் சொல்லித் தர இயலாது.

வெளிமுகமும் உள்முகமும்

இவ்வளவு எளிய பொருளை ஏன் பெரும்பாலோர் அணிவதில்லை? விலை காரணமன்று. "விபத்து நேர்ந்தால்" என எழுதி அணிவதே அமங்கலம் எனக் கருதும் மனம் ஒரு காரணம். அதனினும் வலிய காரணம் வெட்கம். வலிப்பு நோய் உள்ளது எனத் தெரிந்தால் மகளுக்கு மணம் அமையாது என அஞ்சும் தாயிடம், அதனைத் தகட்டில் எழுதி மகளுக்கு அணிவியுங்கள் என்று எளிதில் கூறிவிட முடியாது. அவ்வச்சம் வெறும் கற்பனையும் அன்று. ஊர் அவ்வாறுதான் இருக்கிறது. அத்தகையோருக்கு நான் கூறும் வழி, நோயின் பெயரை உடலைத் தொடும் உட்பக்கத்தில் பொறித்துக்கொள்வது. கடந்து செல்வோர் கண்ணில் அது படாது. உதவ வருபவர் திருப்பிப் பார்ப்பார்.

உட்பக்கத்திற்கு வேறொரு பயனும் உண்டு. ஓட்டப்பயிற்சி செய்வோர் சிலர், தமக்குத் தாமே கூறிக்கொள்ளும் ஊக்கமொழி ஒன்றை அங்குப் பொறித்துக்கொள்கின்றனர். வெளிப்பக்கம் பிறருக்கு, உட்பக்கம் தனக்கு. முதலில் இதனை வீண் அலங்காரம் என்றே எண்ணினேன். பேருந்து நிலையத்தில் கண்ட அந்நெசவாளரே என் எண்ணத்தை மாற்றினார்.

மாணவன் வழியாக அவருடன் பழக்கம் ஏற்பட்டது. ஒரு நாள் பாத்திரக் கடைக்கு என்னை அழைத்துச் சென்றார். நம் வீடுகளில் குவளைக்கும் தட்டுக்கும் பெயர் வெட்டி வாங்குகிறோம் அல்லவா? அக்கடையில் பெயர் வெட்டுபவரிடம் விரலளவு எவர்சில்வர் தகடு ஒன்றை நீட்டினார். வாங்கியவர் கருவியைக் கையில் எடுத்தவாறே, வழக்கம்போல், "யார் வீட்டுத் திருமணத்திற்கு, அண்ணா?" என்று கேட்டார்.

"திருமணம் இல்லை தம்பி, எனக்குத்தான்" என்று கூறி, நெசவாளர் தாள் ஒன்றைக் கொடுத்தார். பெயர், ஊர், 'சர்க்கரை நோய் – இன்சுலின்', மனைவியின் எண், மகளின் எண். வெட்டி முடித்ததும் தகட்டைத் திருப்பச் சொன்னார். பின்பக்கத்திற்கு மகள் எழுதிக் கொடுத்திருந்தது ஒரே சொல். நாள்தோறும் காலையில் ஊசி போட்டபின், தகட்டை மேற்கையில் கட்டிக்கொள்ளுமுன், அவர் அதனைப் படிக்கவேண்டுமாம்.

பெயர் வெட்டுபவர் தாளை இருமுறை பார்த்துவிட்டு, "இதையுமா?" என்றார். பிறகு கருவியை அழுத்தி, மெல்ல, எழுத்து எழுத்தாக வெட்டினார்: 'சாப்பிட்டாயா?'